பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்த முள்

திங்கட்கிழமை, முற்பகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே இருவரும் நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அங்கே நீங்களும் பாப்பாவும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். குட்டிக்கு இருமல் விட்டதா என்று உங்கள் அத்தை கேட்கச் சொன்னாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு விட்டுப்போய்விடும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் எதைச் சொன்னாலும் நான் "சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறேன். வண்டியை விற்பதற்கும் அப்படித்தான் சரி சொல்லியிருக்கிறேன் என்று வண்டியை விலைக்குப் பார்க்க நேற்று வந்த கண்ணாடிக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கையில் பேனா இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அதுவும் கொஞ்சம்தான்.

"மாமா, உங்க லெட்டரைப் படிக்க ஒரு நாள் லீவு போடணும். பாயிண்ட் பாயிண்டா எழுதுங்க, புண்ணியமாப் போகும்" என்று போன முறை நீங்கள் கேலி செய்தது நினைவிருக்கிறது. எனவே எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இன்ஜின் கெட்ட காரணம்: வண்டி ஓட்டியவர் வெப்ப முள்ளைக் கவனிக்கத் தவறியது.
2. இப்போது வண்டி இருக்கும் நிலை.
3. ஒர்க்‌ஷாப்காரர் சொல்வது.
4. விற்றுவிடுவதற்கு உள்ள காரணங்கள்.
5. வைத்துக்கொள்வதற்கு உள்ள காரணங்கள்.
6. முடிவு.

வழக்கம்போல் கடைசிப் பக்கத்தின் அடியில் அத்தைக்கு நான்கு வரி இடம் விடுவேன். நான் எழுதும் எந்தக் கடிதத்தையும் அவள் படித்து, தன் பங்குக்கு நான்கு வரி எழுதி, அவள் கையால் உறையை ஒட்டிய பிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போகும். இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வாரம் பெய்த மழையின் அளவை நாள்வாரியாக எழுதியிருந்தேன். அவர் மகள் காய்ச்சலில் படுத்திருந்ததை எழுத விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

முதல் குறிப்பு எல்லோரும் பேசி முடித்த விஷயம். அதில் விரிக்க ஒன்றுமில்லை. இரண்டாவதற்குப் போகிறேன்.

வண்டி திரும்பி வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கீழே மதிலோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. அதே வெளிறிய நீலம், பின்கதவில் அதே பள்ளம், கண்ணாடியில் குட்டி ஒட்டிவிட்டுப் போன அதே மீன் படம். மூடியைத் திறந்தால்தான் உள்ளே வேறொரு வண்டியின் இன்ஜின் உட்கார்ந்திருப்பது தெரியும். நான் தினமும் காலை ஏழு மணிக்குக் கீழே போய் மூடியைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் குறையவில்லை. தரையில் சொட்டு இல்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன். நின்றபடி ஓடும்போது பழைய இன்ஜினைவிடச் சத்தம் குறைவு. ஆனால் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. நடுக்கம் வண்டியிலா என் கையிலா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

வெப்ப முள்ளை அசைக்கும் உணரியையும், அதாவது சென்சாரையும், மாற்றியிருக்கிறார்கள். முன்பு முள் ஐந்தாவது கோட்டில் நிற்கும். இப்போது நான்கில் நிற்கிறது.

அத்தை பன்னிரண்டு நாளில் ஒருமுறைகூட வண்டிப் பக்கம் போகவில்லை. சாவி கொக்கியில் தொங்குகிறது. கொக்கிக்குப் பக்கத்தில்தான் துண்டு மாட்டும் கம்பி. துண்டை எடுக்கும்போது சாவி மேல் கை படாமல் எடுக்கிறாள்.

மூன்றாவது, ஒர்க்‌ஷாப்காரர். பாலத்தடியில் இருக்கும் அவரை ஊரே 'சைலன்சர்' என்றுதான் கூப்பிடுகிறது. வாய் ஒரு நிமிடம் ஓயாது என்பதால் வந்த பெயர். அவரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "சார், இது பின்னாடி அடிவாங்கின வண்டியோட இன்ஜின். முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. குழந்தை மாதிரி தூங்கிட்டு இருந்துச்சு, நான்தான் எழுப்பித் தூக்கிட்டு வந்தேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பதமா ஓட்டுங்க. ஆனா ஓட்டுங்க! இப்படி நிறுத்தி வெச்சுப் பூஜை பண்ணாதீங்க. சும்மா கெடந்தா இன்ஜினும் கெட்டுடும், மனுசனும் கெட்டுடுவான்."

எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். "நீங்க எத்தனை வருஷம் தாங்குவீங்க சார்? சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி நட்டு முறுக்கறேன்" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதி வைத்துக்கொள்ளத்தக்க பதில் எதுவும் கிடைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறாள். இதை அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான்காவது: விற்பதற்கான காரணங்கள்.

வண்டிக்கு வயது பதினான்கு. நாம் வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டிய வண்டி. இப்போது இன்னொருவருடைய இன்ஜினும் சேர்ந்திருக்கிறது. அடுத்து கியர்பாக்ஸ் போகும், பிறகு வேறொன்று போகும் என்று நீங்கள் சொன்னது நியாயம். எங்களுக்கும் வயதாகிவிட்டது. அத்தைக்கு ஒரு கண்ணில் அறுவை செய்த பிறகு தூரம் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் உள்ள சின்ன எழுத்துகள் கலங்கலாகத் தெரிகின்றன. எனக்கு ஓட்டத் தெரியும், உரிமமும் இருக்கிறது. ஆனால் பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர்கள் எல்லோரும் போன பிறகுதான் எடுப்பேன். இது ஓட்டுவதில் சேராது என்று பாப்பா சொல்வாள்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அலுத்துவிட்டது மாப்பிள்ளை. இந்த ஆறு வாரமாக ஒர்க்‌ஷாப்புக்கும், பதிவுப் புத்தகத்தில் புது இன்ஜின் எண்ணை ஏற்றுகிற அலுவலகத்துக்கும், வீட்டுக்குமாக அலைந்ததில் முழங்காலைவிட மனது ஓய்ந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் மூன்றாவது முறை போனபோது ஜன்னலுக்குள் இருந்த பெண், "அய்யா, அப்போ இது பழைய வண்டியா, புது வண்டியா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வரிசையின் கடைசிக்கே போய் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

நேற்று எழுதாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நீங்கள் அனுப்பியவர் என்பதால் மரியாதையாக உட்காரவைத்தோம். நல்ல மனிதர்தான். வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, மூடியைத் தட்டி, மேலே வந்து தண்ணீர் குடித்தார். பிறகு, "எல்லாம் சரி, பழைய இன்ஜின் எதனால போச்சு? அதைத் தெரிஞ்சுக்கணும்ல" என்றார். அவர் கேட்டது என்னை. நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்ற அத்தை சொன்னாள்: "நான்தாங்க ஓட்டினேன். முள்ளைப் பாக்கல. எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்லைங்க."

நோயாளியின் அட்டையைப் படிக்கிற குரலில் சொன்னாள். முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம்! அவர் சங்கடப்பட்டு, "வயசானா எல்லாருக்கும் உள்ளதும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தேன். எனக்குப் புத்தகத்தில் வேண்டிய பக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை.

நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் டாக்டரம்மாவின் சின்ன மருத்துவமனைக்காக ஐந்து வீடுகளுக்குப் போய் ஆறாத புண்களுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். எந்தப் புண் எந்த வாரம் எவ்வளவு ஆழம் இருந்தது என்பதைக் குறித்து வைக்காமலே சொல்வாள். நான்தான் அதற்கும் ஒரு நோட்டு போடட்டுமா என்று கேட்பேன். "உங்களுக்கு மழை, எனக்குப் புண். என் கணக்கு என் தலையிலயே இருக்கட்டும்" என்பாள்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அணைச்சிருக்கேனா பாருங்க" என்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிறாள். நான்கு படி இறங்கித் திரும்ப ஏறி மறுபடி இழுக்கிறாள். போன வாரம் பாப்பா போனில், "அம்மா, கேட்காததைக் கேட்டேன்னு சொல்ற அளவுக்கு வந்தாச்சு. போதும்மா, வீட்ல இரு" என்றாளாம். அக்கறையில் சொன்னதுதான். அத்தை போனை வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். 'மாத்திரை – காலை – போட்டாச்சா?' என்று எழுதியிருக்கிறது. அதில் நான் டிக் போட வேண்டும். போடுகிறேன்.

ஐந்தாவதை நாளை எழுதுகிறேன். நாளை ஒரு வேலையாக வெளியே போகிறேன்.

புதன்கிழமை, மாலை

ஐந்தாவது: வைத்துக்கொள்வதற்கான காரணங்கள். இதற்கு இரண்டு வரி போதும் என்றுதான் திங்கட்கிழமை நினைத்திருந்தேன்.

அத்தை பார்த்துவந்த ஐந்து வீடுகளில் மூன்று பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே நேர் பஸ் கிடையாது. டாக்டரம்மா ஆறு வாரமாக வேறு ஆள் தேடுகிறார். யாரும் அவ்வளவு தூரம் வரச் சம்மதிக்கவில்லை. இன்று மருந்தும் கட்டுத் துணியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாவது வருகிறேன் என்று நான் கிளம்பினேன். அத்தை பையை எடுத்து வைத்தாள். வைத்ததை வெளியே எடுத்து, எண்ணி, மறுபடி வைத்தாள். பிறகு என்னிடம் தந்து, "நீங்க ஒரு தடவை எண்ணிடுங்க" என்றாள். சரியாக இருந்தது.

இரண்டு பஸ் மாறி, இருபது நிமிடம் நடந்து போய்ச் சேர்ந்தேன். முதல் வீடு ஒரு பழைய லாரி டிரைவருடையது. மருமகள் வேலைக்குப் போகிறவள். பகலில் தனியாக இருக்கிறார். கதவு திறந்ததுமே வாடை வந்தது. வலது குதிகால். ஆறு வாரத்துக்கு முன்னால் அது சுருங்கிக்கொண்டு வருகிறது என்று அத்தை சந்தோஷப்பட்ட புண். மருமகள் தன்னால் முடிந்த மட்டும் கட்டுகிறாள். துணி சதையோடு ஒட்டிப்போய், பிரிக்கும்போது பிய்ந்து வருகிறதாம். என்னிடம் காலை நீட்டிவிட்டார். நான் பைக்குள் பார்த்தேன், துணியைக் கையில் எடுத்தேன், திரும்பப் பைக்குள் வைத்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது.

"விடுங்க சார், சிஸ்டர் எப்போ வருவாங்க?" என்றார்.

வண்டி விஷயத்தைச் சொன்னேன். இன்ஜின் மாற்றியது, விற்கப்போவது, அத்தை இனி ஓட்டுவதில்லை என்றது எல்லாவற்றையும். முள் ஏறியதைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னேன். யார் கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை. வாக்கியத்தை அப்படி அமைத்துக்கொண்டேன்.

அவர் தலையணையைச் சரிசெய்து சாய்ந்து உட்கார்ந்தார். "முப்பத்தஞ்சு வருஷம் லோடு ஓட்டியிருக்கேன் சார். மேடு ஏறும்போது நான் ரோட்டைப் பாப்பேன், பக்கத்து சீட்டுக்காரன் முள்ளைப் பாப்பான். அதுதான் ஒப்பந்தம். ரெண்டையும் ஒருத்தனே பாத்தா வண்டி பள்ளத்துல கெடக்கும். சரி, அன்னிக்கு சிஸ்டர் பக்கத்துல யாரு உக்காந்திருந்தது?"

"நான்தான்" என்றேன்.

"அப்படியா" என்றார். தண்ணீர்ப் பானையைக் காட்டி, எடுத்துக் குடிக்கச் சொன்னார். வெயிலில் வந்தவன் என்ற இரக்கம்தான்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய் மருந்தையும் துணியையும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலம் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தண்ணீரும் ஒரு தாளும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டரம்மாவுக்கு எழுதிய கடிதம். "ஒரு தடவை படிச்சுத் தப்பு இருந்தா திருத்திக் கொடுங்க. உங்க லெட்டரோட சேர்த்து இதையும் நாளைக்குப் போட்டுடலாம்" என்றாள். நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அட்லஸுக்குள் இருப்பதும் தெரிந்திருக்கும். நான் முடித்துக் கொடுக்காமல் அவள் எடுத்துப் பார்ப்பதில்லை.

கடிதம் ஏழு வரி. 'என் ஞாபகசக்தியில் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதால், நோயாளிகளின் நலன் கருதி, இனி இந்தப் பணியைச் செய்ய நான் தகுதியானவள் அல்ல' என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைக்காக மூன்று முறை படித்தேன். ஒன்றுகூட இல்லை. இருந்தது வேறு பிழை. அதைத் திருத்தாமல், "சரியா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

'சரியா இருக்கு.' சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, இதே சொல்லை நான் வேறொரு நாளும் அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்று.

வியாழக்கிழமை, காலை

மாப்பிள்ளை, எனக்கு எழுபத்து மூன்று வயது. இந்தக் கடிதத்தைப் புதிதாக ஆரம்பித்து எழுதலாமா என்று விடியற்காலையிலிருந்து யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

நான் வானிலை நிலையத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு மழை வருமா என்று ஊரார் கேட்பார்கள். அதைச் சொல்வது என் வேலை அல்ல. வெள்ளைக் கூண்டைத் திறந்து, உள்ளிருக்கும் வெப்பமானியைப் படித்து எழுதுவது மட்டுமே என் வேலை. மூச்சுக் காற்று பட்டாலே பாதரசம் அசையும் என்பதால் முதலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படித்துவிட்டு, பிறகு முழு எண்ணைப் படிப்போம். கண் பாதரசத்துக்கு நேராக இருக்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் அளவு கூடவோ குறையவோ தெரியும். ஒவ்வொரு வெப்பமானிக்கும் ஒரு திருத்த அட்டை உண்டு. இது இவ்வளவு கூட்டிக் காட்டும், இவ்வளவு குறைத்துக் காட்டும் என்று அதில் இருக்கும். படித்ததை ஒரு பத்தியிலும், திருத்தத்தை அடுத்த பத்தியிலும், சரியான அளவை மூன்றாவது பத்தியிலும் எழுதுவோம். முப்பத்தாறு வருடம் இதைச் செய்தால் மனிதன் எதையும் பார்த்தபடி நம்பமாட்டான்.

அத்தையின் கண் அறுவைக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. "ரோட்டை நான் பாத்துக்கறேன், முள்ளை நீங்க பாத்துக்குங்க" என்றாள். லாரி டிரைவர் சொன்ன அதே ஒப்பந்தம். நான் அதை மிகுந்த பொறுப்போடு ஏற்றுக்கொண்டேன். ஒரு சின்ன நோட்டு போட்டேன். சட்டைப் பையில் வைத்திருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முள் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று எழுதுவேன். பக்கத்து இருக்கையிலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் முள் உள்ளதைவிட ஒரு கோடு கூடுதலாகத் தெரியும் என்பதை வண்டி நிற்கும்போது இரண்டு இருக்கையிலும் மாறி மாறி உட்கார்ந்து கண்டுபிடித்தேன். ஆகவே, ஒரு கோடு கழிப்பேன். நோட்டில் அதே மூன்று பத்திகள்.

அன்று பாலம் ஏறும்போது முள் ஏழில் இருந்தது. ஒன்று கழித்தால் ஆறு. ஆறு இருக்க வாய்ப்பில்லையே என்று நினைத்தேன். வெயிலுக்காக நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். பார்க்கும் கோணம் மாறியிருக்கிறது. எனவே இன்னொன்றும் கழிக்க வேண்டும் என்று தோன்றியது. கருவி சொல்வது ஒன்றாகவும் நான் எதிர்பார்த்தது வேறாகவும் இருந்தால் பிழை என்னிடம்தான் இருக்கும் என்று நினைப்பது என் வாழ்நாள் பழக்கம். அந்தப் பழக்கம் இத்தனை வருடமும் யாரையும் எரிக்கவில்லை. நோட்டு இதோ எதிரில் இருக்கிறது. நேரம் பதினொன்று பத்து. படித்தது ஏழு. திருத்தம் இரண்டு. சரியானது ஐந்து.

அப்போதுதான் அவள் கேட்டாள். "என்னங்க, ஏதோ வாடை வருதே, முள் எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு. நடுவுலதான் இருக்கு" என்றேன்.

அவள் என்னை நம்பி மேட்டை ஏறினாள். இறக்கத்தில் மூடிக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். சைலன்சர் வந்து மூடியைத் திறந்ததும், "முள் உச்சிக்குப் போயிருக்கு! ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்க, நாலு கண்ணுல ஒண்ணுகூடப் பாக்கலையா?" என்று நடுரோட்டில் கத்தினார். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தை என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. "நான் கேட்டேனே? நடுவுல இருக்குன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"கேட்டியா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றேன்.

நோட்டு அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் அவள், "நான் உண்மையிலேயே கேட்டேனா, இல்லை கேக்கணும்னு நினைச்சேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்களும் பாப்பாவும் போனில் பேசி, அம்மா இனி ஓட்ட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நான் "சரி மாப்பிள்ளை" என்றேன். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று. என் வாய் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல இன்றும் என்னால் முடியாது. வீட்டில் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறதென்றால் அது இந்தக் கடிதம்தான். இது அவள் கையைத் தாண்டாமல் உங்களுக்கு வராது. அது தெரிந்துதான் திங்கட்கிழமையே பேனாவை எடுத்தேனோ என்னவோ. அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லது; ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நிலையத்தில் ஒரு கருவி கெட்டு, வேறு கருவி வைத்தால் நிலையத்தை மூடிவிடுவதில்லை. பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, இந்தத் தேதி முதல் புதுக் கருவி என்று எழுதிவிட்டுத் தொடர்வோம். அந்த அலுவலகப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. பழைய திருத்த அட்டையை மட்டும் எடுத்துவிட வேண்டும். புதுக் கருவிக்கு அது பொருந்தாது. நோட்டில் அந்த மூன்று பத்தி போடுவதை நிறுத்தப்போகிறேன். இனி யாராவது என்னை முள் பார்க்கச் சொன்னால், ஏழு என்றால் ஏழு என்றே சொல்வேன். பார்க்கச் சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

ஆறாவது குறிப்பான முடிவை நான் எழுதவில்லை. திங்கட்கிழமை அது என் மனத்தில் இருந்தது, 'விற்றுவிடலாம்' என்று. இன்று என்னிடம் எந்த முடிவும் இல்லை. இருந்தாலும் அதைச் சொல்லும் தகுதி இல்லை. வண்டியை ஓட்டுகிறவள் அவள். அந்தக் குதிகாலுக்குக் கட்டுப் போடத் தெரிந்தவளும் அவள். வைத்துக்கொள்வதா, வேண்டாமா, வைத்துக்கொண்டால் பக்கத்து இருக்கையில் யார் உட்காருவது என்பதெல்லாம் அவள் எழுதட்டும். வழக்கமான நான்கு வரி போதாது. அடுத்த பக்கம் முழுவதையும் விட்டிருக்கிறேன். அவள் ஒன்றுமே எழுதாமல் உறையை ஒட்டினாலும் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்பது அந்தப் பக்கத்தைப் பொறுத்தது. டாக்டரம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து இதன் மேல் வைத்திருக்கிறேன். அதை அனுப்பும் முன் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பாப்பாவிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கக் கொடுங்கள். படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். நான் மறுபடியும் சரி சரி என்றுதான் சொல்லுவேன். அவளுடைய அம்மாவுக்கு ஞாபகம் மிக நன்றாக இருக்கிறது. வாடை வந்ததும், கேட்டதும், கேட்ட இடமும், கிடைத்த பதிலும் ஒரு சொல் பிசகாமல் அவளுக்கு நினைவிருந்தது. எனக்கும் இருந்தது.

நீங்கள் மூவரும் நீண்ட நாள் நலமாக இருங்கள். அங்கே வண்டி ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முள்ளை நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. தவறாக எழுதிய அளவை அழிப்பதோ தாளைக் கிழிப்பதோ எங்கள் வேலையில் கூடாது. படிக்கும்படியாக அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதைத் தனியே எழுதி, எழுதியவன் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்தில் முதல் குறிப்பின் மேல் ஒரு கோடு இழுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தவறு. சரியானது கீழே:

1. இன்ஜின் கெட்ட காரணம்: வண்டி ஓட்டியவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தவறாகச் சொன்னார். பிறகு, அவர் கேட்டதாக ஞாபகமே இல்லை என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
பக்கத்தில் இருந்தவர்,
உங்கள் மாமா